பழைய ஃபெல்ட் தொப்பி: கோளாறு வாரியாகச் சரிசெய்யும் வழி

பழைய ஃபெல்ட் தொப்பிகளில் வருகிற கோளாறுகள் அதிகமில்லை. திரும்பத் திரும்ப அதே சிலதான் வரும். ஆனால் வெளியே ஒரே மாதிரி தெரிகிற கோளாறு, ஒரு தொப்பியில் பிரஷ் போட்டதும் போய்விடும். இன்னொன்றில் ரிப்பன், லைனிங் எல்லாவற்றையும் பிரித்து மர அச்சில் ஏற்றினால்தான் போகும். அதனால் கோளாறு வாரியாகவே எழுதியிருக்கிறேன். எளிய காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில். உங்கள் தொப்பியில் தெரிவதை மட்டும் தேடிப் படித்தால் போதும். அடுத்து வரும் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

ஃபெல்ட் என்பது ரோமத்தையோ கம்பளியையோ நெய்யாமல், இழைகள் பின்னிக்கொள்ளும்படி அழுத்திச் செய்த துணி. தலைக்கு மேல் எழுந்து நிற்பதைத் தலைப்பகுதி என்கிறேன். சுற்றி விரிவது விளிம்பு. உள்ளே நெற்றியைத் தொட்டு ஓடும் தோல் பட்டை, உள்பட்டை.

கை வைப்பதற்கு முன்

முதலில் பூச்சி. புதிதாக வந்த எந்தப் பழைய தொப்பியையும் மற்ற தொப்பிகளோடு சேர்த்து வைக்காதீர்கள். பாலிதீன் பையில் போட்டுக் கட்டித் தனியாக வையுங்கள். ரிப்பனின் அடிப்பக்கம், முடிச்சுக்குள், உள்பட்டைக்குப் பின்னால் மணல் போன்ற துகளோ வெள்ளை நூலாம்படையோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் நேராக "ஓட்டைகள்" பகுதிக்குப் போங்கள்.

அடுத்தது தோல். உள்பட்டையை ஓரிடத்தில் மட்டும் மெதுவாக வெளியே திருப்புங்கள். வளைந்து கொடுத்தால் நல்லது. சடசடவென்று சத்தம் வந்தாலோ, விரலில் செம்பழுப்புப் பொடி ஒட்டினாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்தத் தோல் சிதையத் தொடங்கிவிட்டது. அதில் ஈரமும் சூடும் சேர்ந்து பட்டால் நொடிகளில் சுருங்கி இறுகிவிடும். பிறகு எந்த எண்ணெயாலும் மீளாது. நல்ல தொப்பிகள் வீட்டுச் சீரமைப்பில் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான். ஃபெல்ட்டின் மேல் கவனம் வைத்து நீராவி காட்டுகிறோம், உள்ளே இருக்கும் தோல் போய்விடுகிறது. தோலைப் பார்த்த பிறகுதான் நீராவி. இதை நான் எந்தத் தொப்பிக்கும் தளர்த்துவதில்லை.

மூன்றாவது வயது. முயல், பீவர் போன்ற விலங்குகளின் ரோமத்தில் செய்த ஃபெல்ட்டுக்கு, ரோமம் நன்றாகப் பின்னிக்கொள்வதற்காக ஒரு காலத்தில் பாதரச உப்பைப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவில் அது 1941 டிசம்பர் 1 அன்று நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய ரோம ஃபெல்ட்டில் இன்னமும் பாதரசம் தங்கியிருக்கலாம். ஆட்டுக் கம்பளி ஃபெல்ட்டுக்கு அந்தப் பதம் தேவைப்பட்டதில்லை. உள்பட்டைக்குப் பின்னால் இருக்கும் தொழிற்சங்கச் சீட்டு வயதைச் சொல்ல உதவும். 'யுனைடெட் ஹேட்டர்ஸ் ஆஃப் நார்த் அமெரிக்கா' என்ற பெயர் மட்டும் இருந்தால், அந்தச் சங்கம் வேறொரு சங்கத்தோடு இணைந்த 1934-க்கு முந்தைய தொப்பி என்று பொதுவாகக் கொள்ளலாம். 1941-க்கு முந்தைய ரோமத் தொப்பியையும், வயதே தெரியாத ரோமத் தொப்பியையும் கையுறை போட்டுக் கையாளுங்கள். நீராவி காட்ட வேண்டாம், உப்புத்தாள் போட வேண்டாம், தலையில் வைக்கவும் வேண்டாம். மென்மையாகத் தூசி எடுத்துப் பெட்டியில் வையுங்கள். அதற்கு மேல் என்ன செய்வதானாலும் அருங்காட்சியகப் பொருள்களைக் கையாளும் பாதுகாப்பு நிபுணரைக் கேளுங்கள். கீழே வரும் சூட்டு வேலை, உப்புத்தாள் வேலை எல்லாம் இந்த வகைக்கு வெளியே உள்ள தொப்பிகளுக்கு மட்டும்.

அறிகுறி: தொப்பி முழுக்க மங்கலாக, சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறது

பெரும்பாலும் வெறும் தூசிதான். குதிரைமுடி பிரஷ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் கருந்தொப்பிக்கு ஒன்று, வெளிர்தொப்பிக்கு ஒன்று. தொப்பியை மேலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாக, இழை படுத்திருக்கும் திசையிலேயே துலக்குங்கள். எதிர்த் திசையில் துலக்கினால் தூசி உள்ளே போகும், இழையும் சிலிர்த்துக்கொள்ளும்.

துலக்கியும் மங்கல் போகவில்லையென்றால், புகைக்கரி துடைக்க விற்கும் உலர்ந்த ரப்பர் ஸ்பாஞ்சால் ஒற்றியொற்றி எடுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் ரிப்பனைச் சற்றே தூக்கி அடியில் இருக்கும் ஃபெல்ட்டைப் பாருங்கள். அடியில் நிறம் ஆழமாகவும் வெளியே வெளிறியும் இருந்தால் அது அழுக்கில்லை. வெயிலில் சாயம் போயிருக்கிறது. போன சாயம் திரும்பாது. மறுசாயம் போடுவது முழுத் தொப்பியையும் பிரித்துச் செய்கிற வேலை. மார்க்கர் பேனா, ஷூ பாலிஷ் எதையும் முயலாதீர்கள். பின்னால் யாராலும் எடுக்க முடியாது.

அறிகுறி: கறை

*பிடித்துப் பிடித்துப் பளபளப்பான இடம், பெரும்பாலும் முன்பக்கக் கிள்ளலில், அதாவது தலைப்பகுதியின் முன்னால் விரலால் கிள்ளினாற்போல் உள்ளே குழிந்த இடத்தில்.* கை எண்ணெய், அல்லது இழை நசுங்கல். சோளமாவையோ முல்தானி மட்டியையோ தூவி ஒரு இரவு விட்டு, மறுநாள் துலக்குங்கள். எண்ணெய் புதியதாக இருந்தால் குறையும். பிறகும் பளபளத்தால் 400 முதல் 600 வரையிலான மிக நைசான உப்புத்தாளை மடிக்காமல், விரல் எடை மட்டும் கொடுத்து, இழைத் திசையில் இரண்டு மூன்று தடவை ஓட்டுங்கள். நிறுத்தி, துலக்கி, பார்த்து, தேவைப்பட்டால் மறுபடி. நீண்ட இழை வைத்த வெலூர் தொப்பியில் உப்புத்தாள் படவே கூடாது.

*தண்ணீர் பட்டு வளையம் விழுந்திருக்கிறது.* ஈரம் தூசியை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திய கோடு அது. அந்த இடத்தை மட்டும் நனைத்தால் இன்னொரு வளையம் வரும். உள்பட்டை நல்ல நிலையில் இருந்தால், அந்தப் பகுதி முழுவதற்கும் தூரத்திலிருந்து ஒரே சீராக நீராவி காட்டி, ஈரமாக இருக்கும்போதே மெதுவாகத் துலக்குங்கள். ரிப்பனின் சாயம் ஒட்டுகிறதா என்று ஈரப் பஞ்சால் மறைவான இடத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும். பஞ்சில் நிறம் ஏறினால் ரிப்பனைக் கழற்றாமல் ஈர வேலை கிடையாது.

*வெள்ளையாகவோ பழுப்பாகவோ புள்ளிகள், தொட்டால் சொரசொரப்பு.* ஃபெல்ட்டை விறைப்பாக்க உள்ளே ஏற்றியிருக்கும் ஷெல்லாக், அதாவது அரக்கு, மேலே வந்திருக்கிறது. நனைந்த தொப்பியைச் சூட்டில் காயவைத்தால் இது வரும். லேசான புள்ளிகளை நைசான உப்புத்தாள் எடுத்துவிடும். திட்டுத்திட்டாகப் படர்ந்திருந்தால் தொப்பி செய்யும் கைவினைஞரிடம் கொடுங்கள். ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் கரைந்த அரக்கு போக இடமில்லாமல் அகலமாகப் பரவி, விறைப்பும் இடத்துக்கு இடம் மாறிவிடும்.

*ரிப்பனைத் தாண்டி ஏறிய வியர்வைக் கறை.* இது உள்ளிருந்து வெளியே வந்த கறை. மேலே எவ்வளவு துடைத்தாலும் திரும்ப எழும். ரிப்பனை மட்டும் மாற்றினாலும் புதிய ரிப்பனில் ஊறக்கூடும். சேகரிப்பவர்களில் சிலர் தொப்பியை நாஃப்தா என்ற பெட்ரோலியக் கரைப்பானில் முழுதாக முக்கி எடுப்பார்கள். வேலை செய்யும், ஆனால் அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவித் தூரத்து நெருப்பைக்கூடப் பிடிக்கும். வீட்டுக்குள் செய்யக்கூடிய வேலையாக நான் அதைப் பார்க்கவில்லை. இந்தக் கறைக்குக் கைவினைஞர்தான்.

அறிகுறி: ஓட்டைகள், அரிப்பு

மேற்பரப்பில் இழையை மட்டும் மேய்ந்தாற்போல் பாதை தெரிந்தாலும், சுத்தமாகத் துளை விழுந்திருந்தாலும் காரணம் ஒன்றுதான்: துணி அந்தின் புழுவோ கம்பள வண்டின் புழுவோ. இரண்டும் ரோமத்திலுள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வளர்பவை. பறக்கும் அந்து தின்னாது, முட்டைதான் இடும். எனவே பூச்சியை அடித்துவிட்டோம் என்று நிம்மதி அடைய முடியாது.

பழைய ஓட்டையா, இப்போதும் நடக்கிறதா? கருப்புத் தாளை விரித்து அதன்மேல் தொப்பியைத் தட்டுங்கள். துகளைத் துடைத்துவிட்டு, பையில் கட்டி, சில நாள் கழித்து மறுபடி தட்டுங்கள். புதுத் துகள் விழுந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. எனக்குச் சந்தேகம் வந்தாலே போதும், சோதனைக்குக் காத்திராமல் ஃப்ரீசரில் வைத்துவிடுவேன்.

முறை இது. தொப்பி நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். வடிவம் நசுங்காமல் உள்ளே அமிலமில்லாத மெல்லிய தாளை அடைத்து, பாலிதீன் பையில் போட்டு, முடிந்த அளவு காற்றை வெளியேற்றி, ஒட்டி மூடுங்கள். மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்குக் கீழே, இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் அப்படியே இருக்கட்டும். உடனே திறந்தால் குளிர்ந்த ஃபெல்ட்டின் மேல் ஈரம் படிந்துவிடும். நிறையப் பூச்சி இருந்தது என்றால் இன்னொரு முறை வையுங்கள். அந்துருண்டையை நான் விரும்புவதில்லை. அதன் வாடை ஃபெல்ட்டில் ஏறினால் லேசில் போகாது, மூடிய அறையில் நமக்கும் கெடுதல்.

பூச்சி போன பிறகுதான் ஓட்டை. மேய்ந்த தடத்தை அக்கம்பக்க இழையைத் துலக்கிப் பெரும்பாலும் மறைத்துவிடலாம். குண்டூசித் தலையளவு துளைக்கு, அதே தொப்பியின் உள்பட்டைக்குப் பின்னாலிருந்து, வெளியே தெரியாத ஃபெல்ட்டை உப்புத்தாளால் சுரண்டிப் பொடி எடுங்கள். துளையின் உட்பக்கம் மெல்லிய துணித்துண்டு ஒன்றை, தண்ணீரில் கரையும் பசை துளியளவு தொட்டு ஒட்டி, வெளியிலிருந்து அந்தப் பொடியை அழுத்தி நிரப்புங்கள். காய்ந்ததும் துலக்குங்கள். அதே தொப்பியின் பொடி என்பதால் நிறம் சேரும். கம்பளி ஃபெல்ட் என்றால் முள்வைத்த ஃபெல்ட் ஊசியால் குத்திக் குத்தி இழை ஏற்றலாம்; ரோம ஃபெல்ட் மெல்லியது, அந்த ஊசி அதைக் கிழிக்கக்கூடும். மிளகளவுக்கு மேற்பட்ட துளை, விளிம்பின் ஓரத்தில் கடித்த துளை, இரண்டுக்கும் கைவினைஞர். விளிம்பு அகலமாக இருந்தால் ஓரத்தைச் சற்றே வெட்டிச் சிறிதாக்கித் தருவார். எனக்கு அதில் மனம் ஒப்புவதில்லை. அகலம் அந்தத் தொப்பியின் காலத்தைச் சொல்லும் அடையாளம்.

அறிகுறி: தொப்பி இறுக்கமாகிவிட்டது

அதிகம் வருவதும், அவசரத்தில் அதிகம் கெடுவதும் இந்தக் கோளாறுதான்.

*அளவே தவறாகப் புரிந்துகொண்டது.* முதலில் இதைப் பாருங்கள். சென்டிமீட்டர் அளவு தலையின் சுற்றளவு. அமெரிக்க எண் ஏறக்குறைய விட்டம், அங்குலத்தில். 58 சென்டிமீட்டர் தொப்பி அமெரிக்க எண்ணில் 7¼. அதே தொப்பி பிரிட்டிஷ் எண்ணில் 7⅛. இந்த ⅛ வித்தியாசம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் சுற்றளவு. பிரிட்டிஷ் சீட்டை அமெரிக்க எண்ணாகப் படித்தால் தொப்பியின் அளவைக் குறைத்து எடைபோடுவோம்; அமெரிக்கச் சீட்டை பிரிட்டிஷ் எண்ணாகப் படித்து வாங்கினால் இறுகும்.

*உள்ளே ஏதோ செருகியிருக்கிறது.* முன்பு வைத்திருந்தவர் அளவைக் குறைக்கக் காகிதத்தையோ நுரைப்பட்டையையோ உள்பட்டைக்குப் பின்னால் வைத்திருப்பார். விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். எடுத்தால் வேலை முடிந்தது. அதில் பழைய செய்தித்தாள் இருந்தால் தேதியைப் பார்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

*உள்பட்டை மட்டும் சுருங்கியிருக்கிறது.* நெகிழும் அளவுநாடாவால் இரண்டு இடத்தில் அளந்து பாருங்கள்: உள்பட்டையின் உட்சுற்று ஒன்று, பட்டையை வெளியே திருப்பிவிட்டு ஃபெல்ட்டின் உட்சுற்று ஒன்று. பட்டையின் தடிமனைக் கழித்த பிறகும் ஃபெல்ட் பெரிதாக இருந்தால் சுருங்கியது தோல். தோல் சுருங்கும்போது ஃபெல்ட்டையும் உள்ளே இழுக்கும். விளிம்பும் தலைப்பகுதியும் சேரும் இடத்தில் சிறுசிறு சுருக்கங்கள் ஓடியிருப்பதைப் பார்த்தாலே தெரியும். தோல் வளைகிறது என்றால், சிலிகான் இல்லாத தோல் பதப்பொருளைத் துணியில் மெலிதாகத் தொட்டுத் தடவி ஒரு நாள் விடுங்கள். ஃபெல்ட்டில் படக் கூடாது. பிறகு தொப்பி விரிப்பானை உள்ளே வைத்து, பிடிக்கும்வரை மட்டும் திருகி, அப்படியே இரவு விடுங்கள். மறுநாள் கால் திருகு. அரைச் சென்டிமீட்டர் கிடைத்தால் திருப்திப்படுங்கள். அதற்கு மேல் தள்ளினால் பின்பக்கத் தையலில் தோல் பிளக்கும்.

தோல் வளையவில்லையென்றால் விரிப்பானைத் தொடவே வேண்டாம். பட்டையையே மாற்ற வேண்டும், அதற்குக் கைவினைஞர்.

*ஃபெல்ட்டே சுருங்கியிருக்கிறது.* இதற்குத் தலைப்பகுதியைப் பாருங்கள். நேராக எழ வேண்டிய பக்கங்கள் மேலே போகப் போக உள்ளே சாய்ந்து கூம்பியிருந்தால், மழையில் நனைந்தோ, வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்தோ ஃபெல்ட் சுருங்கிவிட்டது. கையால் நீராவி காட்டி இழுத்தால் அன்றைக்குச் சரியானாற்போல் இருக்கும், உலர்ந்ததும் பழையபடி கூம்பும். ரிப்பன், லைனிங், உள்பட்டை மூன்றையும் பிரித்து, சரியான அளவு மர அச்சில் ஏற்றி, கயிறு கட்டி உலரவிடுவதுதான் வழி. அச்சு வைத்திருக்காதவர் இங்கே நிறுத்திக்கொள்வது நல்லது. ரோம ஃபெல்ட் பெரும்பாலும் மீண்டு வரும். கம்பளி ஃபெல்ட் அவ்வளவு ஒத்துழைக்காது.

அறிகுறி: விளிம்பு அலையலையாக இருக்கிறது, தொங்குகிறது

விளிம்பு தரையில் படும்படி வைத்ததுதான் பெரும்பாலும் காரணம். தலைகீழாகத் திருப்பி, தலைப்பகுதி கீழே இருக்கும்படி வைத்துச் சில நாள் பாருங்கள். லேசான அலை தானாகவே குறையும்.

குறையவில்லையென்றால், உள்பட்டையை உள்ளேயே விட்டு, அதன் பக்கம் ஆவி போகாதபடி விளிம்பின் ஓரத்துக்கு மட்டும் நீராவி. தட்டையான பலகையின் ஓரத்தில் விளிம்பை வைத்து, மேலே ஈரப் பருத்தித் துணி போட்டு, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தூக்கி அழுத்துங்கள். இழுக்காதீர்கள், இழுத்தால் விளிம்பு நீளும், அலை இரட்டிப்பாகும். துணி இல்லாமல் இஸ்திரி பட்டால் ஃபெல்ட் பளபளத்துவிடும். கை எடுத்ததும் அப்படியே ஆறவிட வேண்டும். வடிவம் நிற்பது சூட்டில் இல்லை, ஆறும்போதுதான்.

இதற்குப் பிறகும் தொங்கினால் அரக்கு போய்விட்டது என்று பொருள். மறுபடி விறைப்பேற்றுவது அளவு பிசகினால் கறையாகும் வேலை, தெரிந்தவரிடம் விடுங்கள்.

உருண்டைத் தலைப்பகுதி கொண்ட, கெட்டியான பௌலர் தொப்பிக்கு இந்தப் பகுதியில் எதுவும் பொருந்தாது. 1849-இல் லண்டனில், தாழ்ந்த கிளைகளிலிருந்து வேட்டைக்காட்டுக் காவலர்களின் தலையைக் காக்க உருவான தொப்பி அது. அரக்கை நிறைய ஏற்றிக் கெட்டியாக்கியிருப்பார்கள். அழுத்தினால் வளையாமல் உடையும். பள்ளம் விழுந்தாலும் விரலால் உள்ளிருந்து தள்ளாமல் நேராகக் கைவினைஞரிடம் கொண்டுபோங்கள்.

அறிகுறி: முன்பக்கக் கிள்ளலில் விரிசல்

ஃபெடோராவை, அதாவது தலைப்பகுதியில் மடிப்பும் முன்பக்கக் கிள்ளலும் உள்ள மென்மையான தொப்பியை, எப்போதும் அந்த இடத்திலேயே பிடித்துத் தூக்கினால் வருவது. விளக்கொளிக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் வரவில்லையென்றால் இழை மட்டும் தேய்ந்திருக்கிறது. இனி விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் போதும். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால், உட்பக்கம் மெல்லிய துணித்துண்டு ஒட்டித் தாங்கல் கொடுங்கள். கோடாகவே பிளந்திருந்தால், தலைப்பகுதியைத் திறந்து மடிப்பை வேறு இடத்துக்கு மாற்றி அமைக்க முடியுமா என்று கைவினைஞரைக் கேளுங்கள். பிளந்த கோட்டில் தையல் போடாதீர்கள். ஊசித் துளைகளே அடுத்த கிழிசலுக்கு வழி போடும்.

அறிகுறி: ரிப்பன் நைந்திருக்கிறது

பின்பக்கம் மங்காமல் இருந்தால் அதையே திருப்பிப் போட்டுத் தைக்கலாம். பிரிப்பதற்கு முன் முடிச்சைப் பல கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் பருத்தியும் ரேயானும் கலந்த குறுக்குக்கோட்டு ரிப்பன் தேடுங்கள். ஈரம் காட்டி இஸ்திரி போட்டால் அது தொப்பியின் வளைவுக்கு வளையும். பாலியஸ்டர் வளையாது, மேல் ஓரம் தூக்கிக்கொண்டே நிற்கும். பசை வேண்டாம். சிறு தையல் போதும்.

அறிகுறி: வாடை

காற்றோட்டமான நிழலில் சில நாள். போகவில்லையென்றால் மூடிய பெட்டியில், தொப்பியைத் தொடாதபடி கிண்ணத்தில் வாடையை உறிஞ்சும் தூண்டுகரி (ஆக்டிவேட்டட் சார்கோல்) வைத்துச் சில வாரம். நறுமணத் தெளிப்பான் எதுவும் வேண்டாம். வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் முகமூடி போட்டு, வீட்டுக்கு வெளியே, முதலில் முழுதாக உலரவிட்டுப் பிறகு துலக்குங்கள். லைனிங்குக்குள் பூஞ்சை போயிருந்தால் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

கைவினைஞரிடம் கொடுக்கும்போது

நீங்கள் ஏற்கெனவே செய்ததையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள். எந்தப் பசை, எந்தப் பதப்பொருள் என்று தெரிந்தால்தான் அவர் அடுத்த படி வைக்க முடியும். தொப்பி 1941-க்கு முந்தையதாக இருக்கலாம் என்றால் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். நீராவிக்கு முன்னால் உட்காரப்போவது அவர். கழற்றுகிற பழைய உள்பட்டை, லைனிங், அளவுச் சீட்டு, சங்கச் சீட்டு எல்லாவற்றையும் திருப்பித் தரும்படி எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உள்பட்டையில் பொன்னெழுத்தில் அச்சடித்த பெயரும், லைனிங்கில் உள்ள முத்திரையும் தொப்பி எங்கே, எப்போது செய்யப்பட்டது என்பதற்குச் சான்று. உடைந்த பட்டையானாலும் அமிலமில்லாத தாளில் சுற்றி, அதே தொப்பியின் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.